இட்லி அண்ணாவையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் குடிசைகளை இடித்துப் புது வீடு கட்டும் தாராவி மறுசீரமைப்பு பற்றி உங்கள் இதழில் தொடர்ந்து செய்தி போடுகிறீர்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இங்கேயே 350 சதுர அடி வீடு, மாடியில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு என்று விவரமாக வருகிறது. எங்களுக்கு அது வேண்டிய செய்திதான். ஒருவர் வாசிக்க, வீடே உட்கார்ந்து கேட்கிறோம். ஆனால் அதில் எங்களுக்கு இருக்கும் பெயர் 'குடிசைவாசி', இல்லையென்றால் 'பயனாளி'. போன ஐப்பசியில் 85 வயதில் காலமான என் மாமனாரை அப்படிச் சொன்னால் என்னால் தாங்க முடியாது. அவர் தொழிலதிபர். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாமாவுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அணா போய் நயா பைசா வந்த 1957-ல், 17 வயதில், மெட்ராஸ் வந்து பம்பாய் மெயில் பிடித்து விக்டோரியா டெர்மினஸில் இறங்கினார். மாட்டுங்காவில் ஒரு ஹோட்டலில் மேசை துடைத்தார், அப்புறம் மாவாட்டினார். உளுந்தின் பதம் கைக்கு வந்ததும் வேலையை விட்டுவிட்டுத் தாராவியில் ஒரு தகர ரூமைப் பிடித்துத் தனியாக ஆட்டத் தொடங்கிவிட்டார். ஊரிலிருந்து அத்தையைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தபோது, சீர் என்று வந்ததில் அவர் கேட்டு வாங்கிய ஒரே சாமான் ஆட்டுரலாம்.

சைக்கிள் கேரியரில் அலுமினிய அண்டா நிறைய இட்லி, ஹேண்டிலில் சாம்பார் தூக்கு, பாம் பாம் என்று அடிக்கும் ரப்பர் ஹார்ன். மும்பையில் இருக்கும் எவருக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. பரேல், லால்பாக் பஞ்சாலை மில் வாசல்கள்தான் மாமாவின் லைன். ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வருவார்கள், நின்றபடியே எட்டு, பத்து என்று சாப்பிடுவார்கள். மராத்திக்காரர்கள் அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டார்கள். அறுபதுகளின் கடைசியில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கலாட்டா நடந்த சமயத்தில் சில பேர் அவர் அண்டாவைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டார்கள். மறுநாள் வழக்கம் போலப் போனார். மில்லில் வேலை பார்த்த ஒரு மராத்திப் பெரியவர், அண்டா காலியாகும் வரை சைக்கிள் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அடித்தவர்களைப் பற்றி மாமா எங்களிடம் அதிகம் பேசியதில்லை. அந்தப் பெரியவரைப் பற்றி நூறு தடவை சொல்லியிருப்பார்.

1982 ஜனவரி 18-ல் மில் ஸ்டிரைக் ஆரம்பித்தது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள், பல மில்கள் பிறகு திறக்கவே இல்லை. மாமாவின் லைன் அத்தோடு போயிற்று. வீட்டில் ஐந்து பிள்ளைகள். அத்தையின் வளையலை வைத்துக் கோயம்புத்தூர் கிரைண்டர் ஒன்று வாங்கினார். இனி இட்லி சுமப்பதில்லை, சுமக்கிறவர்களுக்கு மாவு கொடுப்பது என்று முடிவு. அன்றைக்குத் தாராவியில் ராத்திரி முழுக்க வீட்டுக்கு வீடு ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நாம் ஆட்டிக் கொடுத்தால் அவன் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்குவானே என்பதுதான் அவர் போட்ட வியாபாரக் கணக்கு. இன்றைக்கு எங்களிடம் ஆறு கிரைண்டர் ஓடுகிறது, பதினோரு பேர் வேலை செய்கிறார்கள்.

கடைசி வரை மாவைப் பார்த்தது அவர் கைதான். ஆட்டின உளுந்தில் ஒரு சொட்டு எடுத்து டம்ளர் தண்ணீரில் விடுவார். மிதந்தால் தலையாட்டுவார், அமிழ்ந்தால் இன்னும் ஆட்டச் சொல்வார். மழைக்காலத்துக்கு ஒரு பக்குவம், டிசம்பர் குளிருக்கு டிரம்மைச் சுற்றிச் சாக்கு, மே மாதத்தில் பொங்கி வழியும் முன் ஐஸ். 2005 ஜூலை 26 மழையில் (சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர்) இடுப்பளவு தண்ணீரில் அரிசி, உளுந்து எல்லாம் போயின. மூன்றாம் நாள் கடனுக்கு உளுந்து வாங்கி ஊறப் போட்டுவிட்டார்.

நான் 1986-ல் மருமகளாக வந்தேன். பத்தாவது முடிக்கவில்லை. "கணக்கு எழுத வெளியாள் எதுக்கும்மா, நீ படிச்சு எழுது" என்று மாமாதான் ராத்திரி ஸ்கூலில் சேர்த்துவிட்டார். அத்தைக்கு அதில் சம்மதமில்லை, அக்கம்பக்கத்தில் பேச்சு வேறு. ஒன்பது மணிக்கு வகுப்பு விடும்போது கேட்டுக்கு எதிரே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார், முழங்கை வரை மாவு காய்ந்திருக்கும். நான் முன்னே நடப்பேன், பத்தடி விட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். இரண்டு வருஷம், ஒரு நாள் தவறியதில்லை. பெற்ற அப்பாகூட எனக்காக அப்படி நின்றதில்லை. இன்றுவரை கடைக் கணக்கு நான்தான் எழுதுகிறேன்.

சர்வேக்கு ஆள் வந்தபோது மாமா உயிரோடு இருந்தார். தகரப் பெட்டியைத் திறந்து 1976-ல் குடிசைக் கணக்கெடுப்பில் கொடுத்த, குடும்பப் படம் ஒட்டிய அடையாள அட்டையான போட்டோ பாஸை எடுத்து நீட்டினார். அதில் அவரும் அத்தையும் விறைப்பாக நிற்கிறார்கள், அத்தை பக்கத்தில் சிறுவனாக என் வீட்டுக்காரர். வந்த தம்பி நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டார்: தரைத்தளமா, மேல்தளமா, எத்தனை பேர், மின்சார பில் இருக்கிறதா. மாமா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "வேற ஒண்ணும் கேக்கலியேப்பா" என்றார். அந்தத் தம்பிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

மும்பைத் தமிழர் வரலாறு என்று எழுதும்போது சங்கங்களையும் பள்ளிகளையும் அரசியலையும் எழுதுகிறீர்கள், எழுத வேண்டியதுதான். கூடவே இட்லிக்காரர், முறுக்கு போடுகிறவர், தோல் பதனிட்டவர் என்று 80 வயது தாண்டியவர்கள் எங்கள் சந்துகளில் இன்னும் இருக்கிறார்கள். வீடுகள் இடிபடும் முன்பு, அவர்கள் தொழிலை எப்படி நடத்தினார்கள் என்று உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். மாமாவின் போட்டோ பாஸும், ஸ்டிரைக் வருஷத்துக் கணக்கு நோட்டும் என்னிடம் இருக்கின்றன. உங்கள் நிருபர் வந்தால் காட்டுகிறேன். காலை பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், அதுவரை மாவு போய்க்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை