செயலாளரின் ஆண்டறிக்கை: கண்டி அரண்மனைக்கு ஒரு நகர நடை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, இவ்வருடாந்தப் பொதுக்கூட்டத்திற்கு வருகை தந்திருக்கும் சங்க அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிறைவுற்ற நிர்வாக ஆண்டில் மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடைபெற்றன. வரவு செலவு விபரங்களைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆகையால் அவற்றை இத்துடன் நிறுத்திக்கொண்டு, இவ்வாண்டில் எமது சங்கம் மேற்கொண்ட முதன்மையான முயற்சியாகிய கண்டி அரண்மனை நகர நடையைப் பற்றியே இவ்வறிக்கையில் விரிவாகக் கூற அனுமதி கோருகிறேன். திருகோணமலையில் வாழும் எம்மிற் பெரும்பாலோர் கண்டிக்குப் பலமுறை போய்வந்தவர்களே. புத்தரின் புனிதப் பல் பேணப்படும் தலதா மாளிகையை வெளியிலிருந்து பார்த்து, வாவிக்கரையில் படம் எடுத்துக்கொண்டு, சந்தைக்குப் போய்த் திரும்பியிருக்கிறோம். நாம் நின்று படம் எடுத்த இடமே ஓர் அரண்மனையின் முற்றம் என்பதை எமக்கு ஒருவரும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. இந்தக் குறையைப் போக்கவே, பேருந்தில் இருந்தபடி பார்க்கும் சுற்றுலாவைத் தவிர்த்து, வழிகாட்டி ஒருவரின் துணையுடன் நடந்தே பார்ப்பதென நிர்வாகசபை தீர்மானித்தது.

பயணத்திற்கு முந்திய மூன்று மாதாந்தக் கூட்டங்களும் ஆயத்த வாசிப்புக்கென ஒதுக்கப்பட்டன. கண்டி அரண்மனைக்கும் எமது ஊருக்கும் இடையிலிருந்த தொடர்பு எத்துணை நெருக்கமானது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தது. 1639 இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தரும் கூட்டுச் சேர்ந்தே திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். 1660 இல் கொட்டியாரத்தில் கரையிறங்கிய றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் அதே மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, 19 ஆண்டுகள் மலைநாட்டில் சிறையிருந்தார். அவர் பிடிபட்ட இடமென மூதூரிற் காட்டப்படும் புளிய மரத்தடியை எம்மிற் பலர் சிறுவயதிற் பார்த்திருக்கிறோம். 1762 இல் சென்னையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பனியின் தூதராக வந்த ஜோன் பைபஸும், 1782 இல் ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்ததையடுத்து அனுப்பப்பட்ட ஹியூ பொய்ட்டும் இங்கிருந்தே கண்டிக்குச் சென்றனர். முன்னைய தூதினால் தமக்கு ஒரு பயனும் விளையவில்லை என்பதைக் கண்டி அரசவை மறக்கவில்லை; ஆகவே பொய்ட் வெறுங்கையுடன் திரும்பினார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் திருகோணமலை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1803 இல் பாபட் என்னும் தளபதியின் படையும் திருகோணமலையிலிருந்தே புறப்பட்டு, மன்னன் விட்டகன்ற வெறும் நகரத்தை அடைந்தது. காடும் மலையுமாக இவர்கள் நாட்கணக்கில் அலைந்து கடந்த தூரத்தை நாம் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாக ஐந்து மணித்தியாலத்திற் கடந்தோம்.

பயணத்தில் 31 பேர் கலந்துகொண்டனர். அதிகாலை மூன்றரை மணிக்குப் புறப்பட்டு, தம்புள்ளையில் தேநீர் அருந்தி, ஒன்பது மணிக்குச் சற்று முன்னர் கண்டி வாவிக்கரையை அடைந்தோம். எமக்கு வழிகாட்டியாக அமைந்தவர் கண்டியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அவர் சிங்களத்திலேயே விளக்கினார்; எமது உபதலைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தமிழிற் சொன்னார். இதனால் நேரம் இரட்டிப்பாகச் செலவாயிற்று என்பதை இங்கே குறிப்பிட வேண்டியிருப்பினும், அந்த ஆசிரியரின் பொறுமைக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

அவர் முதலிற் சொன்ன வார்த்தையே அன்றைய நாள் முழுவதற்கும் வழிகாட்டியது. அரண்மனை என்றால் ஒரு பெரிய மாளிகையைத் தேடாதீர்கள், இந்த வாவியும் மதிலும் தெய்வங்களுக்குரிய நான்கு தேவாலயங்களும் வீதிகளும் சேர்ந்ததே அரண்மனை என்றார். கண்டியின் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1807 இல் வெட்டத் தொடங்கிய இந்த வாவி அதற்கு முன் வயல்நிலமாக இருந்தது. வாவியின் நடுவிலுள்ள சிறு தீவை ஆங்கிலேயர் பின்னாளில் வெடிமருந்துக் களஞ்சியமாக்கினர். கரையோரமாக ஓடும் மதிலின் மேல்விளிம்பு முகில் திரண்டாற்போல வளைந்து வளைந்து செல்கிறது. அதனாலேயே அதனைச் சிங்களத்தில் முகில் மதில் என்னும் பொருள்பட அழைக்கின்றனர். மதிலில் வரிசையாக முக்கோணக் குழிகள் உள்ளன. அவை அகல் விளக்குகள் வைப்பதற்கானவை. எமது அங்கத்தவர் ஒருவர் குனிந்து ஒரு குழிக்குள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்; ஒரு சிட்டி விளக்கு சரியாக இருக்கும் அளவு. கார்த்திகை விளக்கீட்டில் மதிற்சுவரில் விளக்கேற்றிப் பழகிய எமக்கு, நீரில் அதன் ஒளி எப்படி விழுந்திருக்கும் என்பதை எவரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அம்மதில் வாவியைச் சுற்றி முழுமையடையவில்லை. அதற்குள் மன்னனின் ஆட்சி முடிந்துவிட்டது.

எண்கோண மண்டபமாகிய பத்திரிப்புவவும் இம்மன்னன் காலத்ததே. அதனை அமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி. மன்னன் மக்களுக்குக் காட்சியளித்த அந்த மண்டபம் பின்னர் ஆங்கிலேயராற் சிறைக்கூடமாகப் பயன்படுத்தப்பட்டது. இன்று அதில் ஏட்டுச்சுவடிகள் பேணப்படுகின்றன. தலதா மாளிகை 1998 ஜனவரி 25 ஆம் திகதி குண்டுவெடிப்பிற் சேதமடைந்து திருத்தப்பட்டது என்பதை வழிகாட்டி ஒரே வாக்கியத்திற் சொல்லி நிறுத்தினார். நாமும் பேசாமல் நின்றோம்.

மகுல் மடுவ என்னும் அரச சபா மண்டபத்திலேயே நாம் மிக அதிக நேரம் செலவிட்டோம். அது வீணான நேரமன்று என்பது எனது உறுதியான கருத்து. மகுல் என்பது மங்கலம் என்பதன் சிங்கள வடிவம். 1783 இல் இராஜாதி இராஜசிங்கன் இதனைத் தொடங்கினான். சுவர்கள் இல்லாத மண்டபம். செதுக்கு வேலைப்பாடுள்ள மரத்தூண்களே அதன் அழகு. அடியிற் சதுரமாகத் தொடங்கும் தூண் மேலே செல்லச் செல்ல எண்பட்டையாக மாறி, மீண்டும் சதுரமாகி, உச்சியில் நாற்புறமும் தாமரை மொட்டுப்போலக் கவிழ்ந்த போதிகைகளைத் தாங்குகிறது. எமது அங்கத்தவரும் வள்ளம் கட்டும் தச்சருமாகிய பெரியவர் ஒருவர் ஒரு தூணின் முன் நீண்ட நேரம் நின்றார். தொடக்கூடாது என்று சொல்லப்பட்டிருந்ததால் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு, முகத்தைத் தூணருகே கொண்டுபோய் இழையின் ஓட்டத்தைப் பார்த்தார். பின்னர் என்னை அழைத்து, "தம்பி, இது சாவண்டலை. எங்கட அப்பு வள்ளத்துக்கு அறுத்த மரம்" என்றார். வழிகாட்டியிடம் கேட்டபோது, ஹல்மில்ல மரம் என்று உறுதிப்படுத்தினார். இரண்டும் ஒன்றே. ஆங்கிலேய மர வணிகர் இதனைத் திருகோணமலை மரம் என்றே அழைத்தனர். சென்னைக் கரையின் படகுகளுக்கு இதனை விரும்பி வாங்கினர். கண்டி மன்னர்களின் சபையைத் தாங்கி நிற்கும் மரம் எமது ஊர்ப் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது என்பதை அங்கே, அந்தத் தூணின் கீழ் நின்று அறிந்துகொண்டமை இப்பயணத்தின் பெரும்பேறு.

இம்மண்டபத்திலேயே 1815 மார்ச் 2 ஆம் திகதி, கண்டி அரசை ஆங்கிலேயர் வசமாக்கிய கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. ஆங்கிலேய ஆளுநர் பிரவுண்ரிக்கும் கண்டிப் பிரதானிகளும் கூடிய அச்சபையில், அரியணையிலிருந்து ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் நீக்கப்பட்டான் என்பதோடு, மலபார் (அக்காலத்தில் தென்னிந்தியரைக் குறித்த சொல்) எனக் குறிக்கப்பட்ட அவனது வம்சத்தினர் எவரும் இனி அரசுரிமை கோரமுடியாது என்றும் விதிக்கப்பட்டது. ஒப்பமிட்ட பிரதானிகளுட் சிலரின் கையொப்பத்தில் தமிழ் எழுத்துகள் காணப்படுவது இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கது. அரியணை அன்று அங்கே இல்லையா என ஓர் அங்கத்தவர் வினவினார். 1693 இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அன்பளித்த அவ்வரியணை இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1934 இல் திருப்பித் தரப்பட்டு, இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது.

இவ்விடத்தில் எம்மிடையே எழுந்த விவாதத்தையும் பதிவு செய்ய வேண்டும். கடைசித் தமிழ் மன்னன் என்று ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனைக் கொண்டாடுவது சரியா என்ற கேள்விக்கு அங்கத்தவர்கள் இருவேறு கருத்துக் கூறினர். கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய இவன் மதுரை நாயக்கர் வழியினன். கண்டி மன்னன் நரேந்திரசிங்கன் 1739 இல் இறந்தபின் அவனது தேவியின் சகோதரன் ஸ்ரீ விஜய இராஜசிங்கனாக முடிசூடியதோடு அவ்வழி கண்டியில் ஆட்சிக்கு வந்தது. ஆனால் அவ்வழி வந்த மன்னர்கள் பௌத்த அரசர்களாகவே ஆண்டனர். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் 1753 இல் சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) பிக்குகளை வரவழைத்து, உபசம்பதா என்னும் பிக்குகளின் உயர் துறவேற்பு மரபு மீண்டும் நிலைநாட்டப்பட்டது. 1814 இல், மன்னனுக்கு எதிராகக் கிளர்ந்த பிரதானி எஹலெப்பொலவின் மனைவியும் குழந்தைகளும் இக்கடைசி மன்னனின் ஆணையாற் கொல்லப்பட்டனர் என்பதையும் மறைக்க இயலாது. எனவே உரிமை கொண்டாடுவதற்கு முன், முழுவதையும் அறிந்துகொள்வதே எமது சங்கத்திற்குத் தகும் என்பது என் தாழ்மையான கருத்து. 1815 பெப்ரவரி 18 இல் பிடிபட்ட அவன் வேலூர்க் கோட்டையிற் சிறைவைக்கப்பட்டு 1832 ஜனவரி 30 இல் அங்கேயே இறந்தான் என்று வழிகாட்டி சொன்னபோது, அவனது நினைவிடமாகிய வேலூர் முத்து மண்டபத்தைப் பார்த்துவந்த அங்கத்தவர் ஒருவர் அதனை விபரித்தார். வழிகாட்டி தமது குறிப்பேட்டை எடுத்து அதனை எழுதிக்கொண்டார்.

மன்னன் வாழ்ந்த மாளிகையை ராஜ வாசல என்கின்றனர். வாசல் என்னும் சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. நீண்டு தாழ்ந்த அக்கட்டடத்தில் இப்போது தொல்பொருள் அருங்காட்சியகம் இயங்குகிறது. மாளிகை என்றவுடன் உயர்ந்த கோபுரங்களை எதிர்பார்த்திருந்த இளைய அங்கத்தவர்கள் சிலர் ஏமாற்றமடைந்தனர் என்பதை அவர்களின் முகத்திலேயே கண்டேன். நாத தேவாலயமோ அனைவரையும் நிறுத்தி வைத்தது. 14 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, கண்டியின் மிகப் பழைய கட்டடமாகிய அது, கருங்கல்லில், தென்னிந்தியப் பாணியில், சிறு விமானத்துடன் நிற்கிறது. கோணேசர் கோவிலின் பழைய கல்வேலைகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எமக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. புதிய மன்னன் தன் அரசப் பெயரையும் வாளையும் தரித்துக்கொள்ளும் சடங்கில் இத்தேவாலயத்திற்கு முக்கிய இடமிருந்தது. அதன் அருகிலேயே ஆங்கிலேயரின் செங்கல்லாலான புனித பவுல் கிறிஸ்தவ ஆலயம் அரண்மனை வளவுக்குள் எழுப்பப்பட்டிருக்கிறது. யார் தோற்றார்கள் என்பதை அதன் இருப்பிடமே சொல்லிவிடுகிறது.

குறைகளையும் கூறுவது என் கடமை. தேவியரின் மாளிகையாயிருந்த பல்லே வாசலவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தை எம்மால் பார்க்க முடியவில்லை. நாம் சென்ற நாளில் அது திறந்திருக்குமா என்பதை முன்கூட்டியே விசாரிக்கத் தவறியது என் பிழை. அதற்காகச் சபையிடம் மன்னிப்புக் கோருகிறேன். பாதணியின்றி வெயிலில் நிற்க வேண்டியிருந்த முற்றங்களில் மூத்த அங்கத்தவர்கள் மிகவும் சிரமப்பட்டனர். முழங்கால் வலியால் மூவர் நாத தேவாலயத்து அரச மர நிழலிலேயே தங்கிவிட்டனர். மன்னனின் உறவினர் வாழ்ந்த குமாருப்பே வீதி, அதாவது மலபார் வீதி வரை நடப்பதாக இருந்த திட்டமும் நேரமின்மையாற் கைவிடப்பட்டது. ஓரிடத்தில் விளக்கப் பலகையின் தமிழ் வாசகம் பொருள் விளங்காத அளவுக்குப் பிழைபட்டிருந்தது. அதன் சரியான வடிவத்தை எழுதி உரியவர்களுக்கு அனுப்பியுள்ளோம்; பதில் இன்னும் கிடைக்கவில்லை.

உபதலைவர் அன்று வாய்மொழியாகத் தமிழாக்கியவற்றை இரு மாணவ அங்கத்தவர்கள் எழுதி வைத்திருந்தனர். அவற்றைச் சரிபார்த்து, நிறுத்தங்களின் வரிசைப்படி, தமிழில் ஒரு நடைக் கையேடாக அச்சிட நிர்வாகசபை கொள்கையளவில் இணங்கியுள்ளது. கையேட்டுடன் செல்பவர்களுக்கு மொழிபெயர்ப்பால் நேரம் வீணாகாது. வழிகாட்டி கிடைக்காத நாளிலும் நடை தடைப்படாது. தூண்களைப் பற்றிய பக்கத்தைத் தச்சர் ஐயாவே சொல்லித் தர, நான் எழுதுவதென உடன்பட்டிருக்கிறோம். அச்சுச் செலவுக்கான அங்கீகாரத்தை இச்சபையிடம் கோருகிறேன்.

இரண்டாவது நடையை அருங்காட்சியகம் திறந்திருக்கும் ஒரு நாளில், வாவிக்கரையிலிருந்து மலபார் வீதி வரை நடத்தவும், அரச மரத்தடியில் காத்திருந்த மூவருக்கும் முதல் இருக்கைகளை ஒதுக்கி, அவர்களுக்கென ஒரு முச்சக்கர வண்டியை ஒழுங்குசெய்யவும் பிரேரிக்கிறேன்.

செயலாளர்,
திருகோணமலை.