செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் கூடியிருக்கும் உறுப்பினர் எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, வாணி விழா, விளையாட்டுப் போட்டி மூன்றும் இந்த ஆண்டும் குறைவில்லாமல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புவது ஆகஸ்ட் மாதக் குடும்பச் சுற்றுலாவைப் பற்றி.

வழக்கமாக ஏரிக்கரைப் பூங்காவில் பார்பிக்யூ போட்டுவிட்டுத் திரும்புவோம். இந்த முறை டொரொன்டோவில் ஜேன், ஸ்டீல்ஸ் வீதிகளுக்கு அருகே உள்ள பிளாக் கிரீக் முன்னோடிக் கிராமத்துக்குப் போனோம். 1960 இல் திறந்த அருங்காட்சியகம். 19ஆம் நூற்றாண்டில் ஒன்ராறியோவில் குடியேறியவர்களின் வீடு, ஆலை, பள்ளிக்கூடம் எல்லாம் அங்கே ஓர் ஊராகவே நிற்கின்றன. நாங்கள் ஒழுங்கு செய்த பஸ் ஒரு மணி நேரம் பிந்தித்தான் வந்தது. வெயிலில் காத்து நின்ற முதியோரிடம் செயற்குழு சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன்.

டானியல் ஸ்டோங்கும் மனைவி எலிசபெத்தும் 1816 இல் மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய வீடு இன்றும் அங்கே இருக்கிறது. குனிந்து நுழைந்தால் அடுப்பின் கரி வாசம். பக்கத்திலேயே 1832 இல் அவர்கள் கட்டிய பெரிய வீடு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்த நம் அம்மம்மா ஒருவர், "பிள்ளை, இது எங்கட பேஸ்மென்ட் மாதிரித்தான். நாங்களும் அதுக்குள்ள இருந்துதானே வீடு வாங்கினனாங்கள்" என்றார். வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் இருந்த அந்த பேஸ்மென்ட் கதையைப் பேரன் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் முழுக்க அதே பேச்சு.

ரொப்ளின் மாவாலை 1842 இல் ஒன்ராறியோவின் அமிலியாஸ்பர்க் ஊரில் கட்டப்பட்டு, பின்னர் இங்கே பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. மாவரைக்கும் கல்லில் வாய்க்கால் வாய்க்காலாக வெட்டு இருக்கும். அது தேய்ந்தால் உளி வைத்துத் திரும்பக் கொத்த வேண்டுமாம். ஊரில் அம்மி பொளிய வருகிறவரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லத் தொடங்க, பிள்ளைகள் கல்லை விட்டு நகரவேயில்லை. டிக்சன்ஸ் ஹில் பள்ளிக்கூடம் (1861) ஒரே அறை. எல்லா வகுப்புக்கும் ஓர் ஆசிரியர்தான்.

ஆனால் நம்மை உலுக்கியது 1849 இல் கட்டிய ஹாஃப்வே ஹவுஸ் விடுதி. அது முதலில் நின்றது ஸ்காபரோவில், கிங்ஸ்டன் வீதியும் மிட்லண்டும் சந்திக்கும் இடத்தில். நம்மில் பலர் தினமும் பஸ் பிடிக்கும் சந்தி! குதிரை வண்டிப் பயணிகள் இளைப்பாறிய இடம் அது.

ஒன்று சொல்லாமல் விட முடியாது. ஸ்டோங் குடும்பம் வந்தபோது இது வெறும் காடு அல்ல. அதே பிளாக் கிரீக் ஓடைப் பக்கத்தில் பூர்வகுடிகளான வென்டாட் மக்கள் நீள்வீடுகள் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். 1787 இலும் 1805 இலும் இன்னொரு பூர்வகுடியான மிசிசாகா மக்களிடமிருந்து இந்த நிலம் வாங்கப்பட்டதாகப் பிரித்தானியர் எழுதிக்கொண்டார்கள். அது நியாயமாக நடக்கவில்லை என்ற வழக்கு 2010 இல்தான் 14.5 கோடி டொலர் இழப்பீட்டோடு தீர்ந்தது. காணி பறிபோன வலி தெரிந்த நாம் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த முறை போகுமுன் ஒரு மாலை இதைப் பற்றிப் பேச ஒதுக்குவோம்.

சரி, இனி ஒரு வேண்டுகோள். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்லாந்துக் கடலில் அகதிகளாக வந்த 155 இலங்கைத் தமிழர் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்டார்கள். அந்தக் காலத்தில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். நம் வருகையின் சாமான்களோ அலுமாரிகளில் கிடக்கின்றன, சில குப்பைக்கும் போய்விட்டன. அதனால் நூலக அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி வைக்கச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. முதல் குளிர்கால ஜாக்கெட் ஒன்றும், ஊரிலிருந்து வந்த நீல வான்கடிதக் கட்டு ஒன்றும், அம்மா குரல் பதிந்த கசெட் ஒன்றும் ஏற்கெனவே வந்திருக்கின்றன. கசெட்டைக் கொடுத்தவர் பிரதி எடுத்துத் தரும்படி கேட்டிருக்கிறார், முதல் வேலையாக அதைச் செய்கிறோம். உங்களிடம் இருப்பதைக் கொண்டு வாருங்கள். எந்த ஆண்டு, யாருடையது என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டித் தாருங்கள்.