லேபிளை விடுங்கள், ஃபிரிட்ஜைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விருந்தினருக்கு ஒயின் பரிமாறுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த நாட்டு ஒயின், எந்த ஆண்டு, என்ன திராட்சை என்று ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. எத்தனை பாட்டில் வாங்குவது, எப்போது குளிர வைப்பது என்று ஒரு வரிகூட இல்லை. விருந்து கொடுப்பவர் திண்டாடுவது அங்கேதானே?

கணக்கு ரொம்பச் சுலபம். 750 மில்லி பாட்டிலில், 150 மில்லி வீதம் 5 கிளாஸ் வரும். சாப்பாட்டோடு நீளும் ஒரு மாலைக்கு, குடிப்பவர்களை மட்டும் எண்ணி ஆளுக்கு அரை பாட்டில் போட்டால் போதும். 8 பேர் என்றால் 4 பாட்டில், கையிருப்பாக இன்னொன்று. அந்த ஒன்று எதற்கென்றால், கார்க் போட்ட பாட்டில்களில் எப்போதாவது ஒன்று டிசிஏ என்ற ரசாயனத்தால் கெட்டு, நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும். உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் எவ்வளவு நேரம் காற்றாட வைத்தாலும் அந்த வாடை போகாது. அதனால்தான் வீட்டுக்காரர் முதலில் கொஞ்சம் ஊற்றி முகர்ந்து பார்ப்பது, பந்தாவுக்காக இல்லை. திருகுமூடி பாட்டிலைப் பார்த்து மட்டம் என்று நினைப்பவர்கள் இதையும் யோசிக்கலாம், அதில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

அடுத்தது சூடு, என்னைக் கேட்டால் பாதி விஷயம் இதில்தான் இருக்கிறது. ரெட் ஒயினை அறை வெப்பநிலையில் கொடுக்கச் சொல்கிறது உங்கள் கட்டுரை. சரி, எந்த அறை? அந்தப் பேச்சு, குளிர்நாடுகளில் வீடு முழுக்கச் சூடேற்றும் வசதி இல்லாத காலத்து அறைகளை வைத்து வந்தது. கனமான ரெட்டுக்கே 16 முதல் 18 டிகிரி செல்சியஸ்தான் சரி. 28 டிகிரி அறையில் நின்ற பாட்டிலை அப்படியே ஊற்றினால் பழ வாசனை அமுங்கி, ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறும். ஊற்றுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முன்னால் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒயிட்டுக்கு இதற்கு நேர்மாறான தப்பு நடக்கிறது: 4, 5 டிகிரி ஃபிரிட்ஜிலிருந்து நேராகக் கிளாஸுக்குப் போனால் வாசனையே எழாது, பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் வெளியே எடுத்து வைக்கவேண்டும். அவசரத்துக்குக் குளிரவைக்க வாளி நிறைய ஐஸ் மட்டும் கொட்டுவது வீண், கட்டிகளுக்கு நடுவே இருக்கும் காற்று குளிரைக் கடத்தாது. ஐஸ் பாதி, தண்ணீர் பாதி, ஒரு கைப்பிடி உப்பு. இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

ஷாம்பெயின் மாதிரி நுரைக்கும் ஸ்பார்க்ளிங் ஒயின் என்றால் 6 முதல் 8 டிகிரி. ருசிக்காக மட்டுமல்ல, ஷாம்பெயின் பாட்டிலுக்குள் கார் டயரில் உள்ளதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் உண்டு, சூடாக இருந்தால் பொங்கிக் கொட்டும். கார்க்கைக் கட்டியிருக்கும் கம்பியைத் தளர்த்தும்போதே கட்டைவிரல் கார்க்கின் மேல் இருக்கட்டும், பாட்டிலை ஆளில்லாத பக்கம் சாய்த்துக்கொண்டு கார்க்கை இறுகப் பிடித்து பாட்டிலைத் திருப்புங்கள். 'டப்' என்று கூரையில் அடிப்பது வேடிக்கைதான், யார் கண்ணிலாவது படும்வரை.

மூடியை முன்கூட்டியே திறந்து வைத்தால் ஒயின் மூச்சு விடும் என்கிறார்கள். பாட்டில் கழுத்தின் அந்தச் சின்ன வட்டத்தில் எவ்வளவு காற்று பட்டுவிடும்? துவர்ப்பு அதிகமுள்ள இளம் ரெட் என்றால் ஒரு ஜாடியில் ஊற்றி வையுங்கள். வண்டல் படிந்த பழைய ஒயினை முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, பரிமாறுவதற்குச் சற்று முன்னால் மெதுவாக ஜாடிக்கு இறுத்துக்கொள்ளலாம், ரொம்ப முன்னால் வேண்டாம்.

கிளாஸ் காலியாகவே விடக்கூடாது என்ற உங்கள் கட்டுரையின் அறிவுரையில்தான் எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லை. 13 சதவீத ஒயின் 150 மில்லியில் சுமார் 15 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. பாதிக் கிளாஸில் மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால், எவ்வளவு குடித்தோம் என்று குடிப்பவருக்கே தெரியாமல் போய்விடும், அதிலும் வண்டி ஓட்டிப் போகவேண்டியவர் என்றால் கேட்கவே வேண்டாம். காலியானபின் கேட்டு ஊற்றுவதில் என்ன குறைந்துவிடும்? அப்புறம், குடிக்காதவர்களைக் கட்டுரை கண்டுகொள்ளவே இல்லை. அவர்களுக்கும் அதே கிளாஸில் உருப்படியான ஒரு பானம் கொடுங்கள், ஏன் குடிக்கவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.

மிச்சமானதை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாளாவது தாங்கும், ரெட்டையும் ஃபிரிட்ஜில்தான் வைக்கவேண்டும். ஷாம்பெயினுக்கு மட்டும் கவ்விப் பிடிக்கும் தனி மூடி வாங்கிக்கொள்ளுங்கள், பாட்டில் வாயில் கரண்டியைச் செருகி வைத்தால் வாயு போகாது என்பது வெறும் நம்பிக்கை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்