இலையைத் தின்றது யாரென்று பார்க்காமல் மருந்தடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி மழை விழத் தொடங்கினால் எங்கள் நாவற்குடாப் பக்கத்து வளவுகளில் ஒரே முறைப்பாடுதான். பின்னேரம் நன்றாக நின்ற வல்லாரை விடிய வெறும் காம்பாக நிற்கிறது, புதினாவில் இலையே இல்லை, துளசி பொத்தல் பொத்தலாகக் கிடக்கிறது என்பார்கள். உடனே கடைக்குப் போய், "பூச்சி மருந்து ஒன்று தாங்கோ" என்று கேட்கிறார்கள். என்ன செடி, எப்படிக் கடித்திருக்கிறது, அது சாப்பிடுகிற இலையா என்று ஒரு கேள்வியும் இல்லாமல் போத்தல் கைக்கு வந்துவிடுகிறது.

நான் கல்லடிப் பழைய பாலத்தடியில் காலையில் நடக்க வருகிறவர்களுக்கு இலைக்கஞ்சி விற்கிறேன். வல்லாரை, பொன்னாங்காணி, முசுட்டை எல்லாம் எங்கள் வளவிலும் அயல் வீடுகளிலும் பறிப்பவை. அரிசி வெந்த பிறகு கடைசியில்தான் இலைச்சாற்றை விடுவோம். கனநேரம் கொதிக்க விட்டால் நிறமும் போகும், வாசமும் போகும். முந்தின நாள் அடித்த மருந்து அந்தச் சாற்றோடுதான் குடிக்கிறவர் வயிற்றுக்குப் போகும். அண்மையில் ஒரு வீட்டில் வல்லாரை பறிக்கக் குனிந்தபோது மருந்து வாடை குப்பென்று அடித்தது. பறிக்காமல் திரும்பி வந்துவிட்டேன். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே பாத்தியில்தான் சம்பலுக்குப் பிடுங்குவார்கள்.

இதில் எனக்குப் பெரிய கவலை என்னவென்றால், அங்கே வல்லாரையைத் தின்றது பூச்சியே அல்ல, நத்தை. பாத்தி ஓரத்துச் செங்கல்லில் அதன் சளி காய்ந்து பளபளவென்று கோடாகத் தெரிந்தது. பூச்சிக்கு அடிக்கிற சாதாரண மருந்து நத்தையை ஒன்றும் செய்வதில்லை. காசும் போய், இலையும் நஞ்சாகி, நத்தை அடுத்த இரவும் வந்திருக்கும்.

ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால் இருட்டிய பிறகு டோர்ச் எடுத்துக்கொண்டு வளவுக்குள் இறங்க வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தடவை, எட்டு ஒன்பது மணிபோல இன்னொரு தடவை பார்த்தால் நல்லது. மண்ணிற வண்டுகள் பொழுது பட்டதும் பறந்து வந்து இலையில் குந்திவிடும். அவை தின்ற இலையில் நரம்புகள் மிஞ்சியிருக்கும், இடையில் சின்னச் சின்னத் துவாரங்கள் இருக்கும், சளி இருக்காது. நத்தை பிந்தித்தான் கிளம்பும். இளந்தண்டு அடியில் வெட்டுப்பட்டுச் சரிந்து கிடந்தால் அது வெட்டுப்புழு. பகலில் செடியில் தேடினால் அகப்படாது. செடியின் அடியில் மண்ணை இரண்டு அங்குலம் கிளறிப் பாருங்கள், சுருண்டு படுத்திருக்கும். இலையில் கறுப்பு உருண்டையாக எச்சம் கிடந்தால் அதுவும் புழுவின் வேலைதான். கறிவேப்பிலையை மட்டும் இரவுக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதைத் தின்னும் புழு வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. சின்னதில் பறவை எச்சம் மாதிரியும் வளர்ந்தால் பச்சையாகவும் பகல் முழுக்கச் செடியிலேயே இருக்கும். தொட்டால் தலைக்குப் பின்னால் கொம்பு நீட்டி மணக்கும். கையால் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

நத்தைக்குத்தான் பாடு. இந்தப் பெரிய ஆபிரிக்க நத்தை நம் நாட்டுக்குரியதே அல்ல, 1900 ஆம் ஆண்டளவில் வெளியிலிருந்து வந்தது. வெயில் காலத்தில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மதில் இடுக்கில் கிடக்கும். மழை ஈரம் பட்டதும் எழும்பும். ஒரு தடவையில் 100, 200 என்று முட்டையிடும். பூச்சட்டிக்கு அடியில், செங்கல்லுக்கு அடியில் சவ்வரிசி போல மஞ்சள் வெள்ளையாகக் கிடந்தால் அதுதான், விட்டுவிடாமல் அள்ளுங்கள். பின்னேரம் பாத்தியருகே நனைந்த சாக்கை விரித்து, அதற்குள் பப்பாசித் தோலைப் போட்டு வைத்தால் இரவில் அங்கே கூடும். விடிய சாக்கைப் புரட்டிப் பொறுக்கலாம். கடும் உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுக் கொன்று, மரம் செடி இல்லாத மூலையில் ஆழமாகத் தாட்டுவிடுங்கள். பாத்தியில் உப்பைத் தூவ வேண்டாம், செடியே பட்டுவிடும். நத்தைக்கென்று விற்கிற உருண்டை மருந்தையும் நாய், பூனை, கோழி நிற்கிற வளவில் போடாதீர்கள்.

வெறுங்கையால் பிடிக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் நத்தைக்குள்ளும் ஓடில்லா நத்தைக்குள்ளும் இருக்கும். மனிதர் வயிற்றுக்குப் போனால் மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் அழற்சியை உண்டாக்கும். கையில் சொப்பிங் பையைச் சுற்றிக்கொண்டு பொறுக்குங்கள், பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வல்லாரையைக் கட்டாகத் தண்ணீரில் முக்கி எடுத்தால் போதாது. இலை மடிப்பில் நகத்தளவு குட்டி நத்தை ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் இலையாக, ஓடும் தண்ணீரில் பிடித்துக் கழுவ வேண்டும்.

2022 இல் சாமான் விலை ஏறியபோது வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் பலர் செய்தார்கள், இன்னும் செய்கிறார்கள். ஆனால் கடிபட்ட இலையைக் காட்டி யாரிடம் கேட்பது என்று பலருக்குத் தெரியாது. விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கலாம், கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேட்கலாம். போகும்போது கடிபட்ட இலையையும் அடியில் கிடந்த எச்சத்தையும் ஒரு கடதாசியில் சுற்றிக் கொண்டுபோங்கள்.

உங்கள் பத்திரிகையிடம் என் வேண்டுகோள் இதுதான். ஐப்பசி மழைக்கு முன் நத்தை தின்ற இலை, வெட்டுப்புழு வெட்டிய தண்டு, வண்டு தின்ற இலை மூன்றையும் வர்ணப் படமாகப் பக்கத்தில் பக்கமாகப் போடுங்கள். வெட்டி எடுத்துக் குசினிக் கதவில் ஒட்டக்கூடிய அளவில் இருந்தால் நல்லது. போதனாசிரியர்களும் கூட்டத்தைப் பகல் பத்து மணிக்கு மண்டபத்தில் வைக்காமல், ஒரு நாளாவது இரவு எட்டு மணிக்கு யாராவது ஒருவர் வளவில் வைக்கட்டும். நாவற்குடாவில் வைப்பதானால் எங்கள் வளவைத் தருகிறேன். வருகிறவர்களுக்குக் கஞ்சியும் என் பொறுப்பு.

இப்படிக்கு,
இலைக்கஞ்சி விற்கும் வாசகி,
நாவற்குடா, மட்டக்களப்பு.