பிரசவ வார்டில் பாலூட்டச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம். மருத்துவமனை வாசலில் பேனர் கட்டுகிறார்கள், உறுதிமொழி எடுக்கிறார்கள். தாய்ப்பால் நல்லது என்று தெரியாதவர் இன்று தமிழ்நாட்டில் யாருமில்லை. கொடுக்கத் தவிக்கிற பெண்ணுக்கு உடம்பு ஒத்துழைக்காதபோது என்ன செய்வது என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. அந்த ஆளைக் கேட்டுத்தான் இந்த மடல்.

நான் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். முதல் பிரசவம் சிசேரியன். எனக்குக் காம்பு உள்வாங்கியிருந்தது. கர்ப்ப காலம் முழுக்க ரத்தம், எடை, பிரஷர், ஸ்கேன் எல்லாம் பார்த்தவர்கள் மார்பை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பிள்ளை வாய் வைப்பாள், பிடி கிடைக்காமல் வீரிட்டு அழுவாள். தையல் வலியில் என்னால் நிமிர்ந்து உட்கார முடியாது. வார்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "பால் குடும்மா, பால் குடும்மா" என்றார்கள். எப்படிக் கொடுப்பது என்று ஒருவரும் பக்கத்தில் உட்கார்ந்து காட்டவில்லை. சில நாளில் மார்பு கல்லாகக் கட்டிக் காய்ச்சல் வந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் "அவளுக்குப் பால் பத்தலை" என்று முடிவுகட்டி, பவுடர் டப்பாவோடு வந்து நின்றார்கள். பால் நிறையவே இருந்தது. அது வெளியே வரத்தான் வழியில்லை.

இரண்டாவது பிரசவத்தில் வேறொரு மருத்துவமனையில், பணி ஓய்வுக்கு நெருங்கிய நர்சம்மா ஒருவர் அந்த வழியைக் காட்டினார். அதற்கு அவர் எடுத்தது ஒரு 10 மி.லி. சிரிஞ்ச். ஊசி மாட்டும் முனையை வெட்டிவிட்டு, உள்ளிருக்கும் தண்டை உருவி, வெட்டிய பக்கமாகத் திருப்பிச் செருகினார். வழவழப்பான மறுபக்கத்தைக் காம்பைச் சுற்றிப் பதித்து, தண்டை மெல்ல இழுக்கச் சொன்னார். காம்பு வெளியே வந்தது. அரை நிமிடம் அப்படியே பிடித்திருந்து, வலித்தால் இழுப்பைத் தளர்த்தி, எடுக்கும் முன் தண்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு எடுத்து, உடனே பிள்ளையை வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்பும் இப்படிச் செய்தேன். அப்புறம் சிரிஞ்சே தேவைப்படவில்லை; பிள்ளை குடித்துக் குடித்தே காம்பு நின்றுவிட்டது.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. பக்கத்து மாநிலத்தில், தாவணகெரேயைச் சேர்ந்த மருத்துவர்கள் 1993-லேயே இந்த முறையை மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பாலூட்டல் பயிற்சியிலும் இது இருக்கிறது. சிரிஞ்ச் இல்லாத வார்டும் நம்மிடம் கிடையாது. அப்படியிருந்தும் என் முதல் பிள்ளைக்குக் கிடைக்காதது இரண்டாவது பிள்ளைக்குக் கிடைத்ததென்றால், அது அன்று யார் டியூட்டியில் இருந்தார் என்பதைப் பொறுத்து நடந்தது. அப்படி அதிர்ஷ்டத்துக்கு விடுகிற விஷயமா இது?

காம்பு வெடித்து ரத்தம் கசிகிற பெண்களுக்கு "முதல்ல அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ" என்கிறார்கள். பெரும்பாலும் பிள்ளை காம்பை மட்டும் கவ்வுவதால் வருகிற புண் அது. வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் பெரும்பகுதி உள்ளே போகும்படி, தாடை மார்பில் படும்படி, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும்படி வைத்தால் வலி சட்டென்று குறையும். சரியாக வைத்தும் வலி தீரவில்லையென்றால், நாக்கின் அடியிலுள்ள சவ்வு இழுத்துப் பிடிக்கிறதா என்று பிள்ளையின் வாயைப் பார்க்க வேண்டும். பேனரில் எழுதிப் புரியவைக்கக்கூடியவை அல்ல இவை. ஒருவர் கைபிடித்துக் காட்ட வேண்டும்.

சிசேரியன் ஆனவர்களுக்கு இது இன்னும் அவசரம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். ஒருக்களித்துப் படுத்தபடி கொடுக்கலாம். பிள்ளையின் உடம்பைத் தாயின் அக்குளுக்கடியில் வாங்கிக்கொண்டால் தையலில் பாரம் படாது. இரண்டையும் சில நிமிடங்களில் கற்றுத்தந்துவிடலாம்.

பால் கட்டிக்கொண்டால் வீட்டில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுகிறார்கள். பாலை வற்றவைக்க நம் பாட்டிமார் செய்த வைத்தியம் அது. பிள்ளை குடிக்க வேண்டிய நேரத்தில் செய்வதற்கில்லை. கையால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு, கருவட்டம் இளகியதும் பிள்ளையை வைக்க வேண்டும். பீய்ச்சிய பாலைப் பாலாடையில் புகட்டலாம், பாட்டில் வேண்டாம். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும், ஆனால் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. இதைச் சொல்ல ஆள் இல்லாத வீட்டில்தான் பால் நின்றுபோகிறது. சில பிள்ளைகளுக்கு நீர்ச்சத்து குறைந்து, மஞ்சள் காமாலை கூடி, மறுபடியும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது.

சில பிள்ளைகளுக்குப் பவுடர் பால் உண்மையிலேயே தேவைப்படும். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும், அந்தத் தாயை யாரும் குறை சொல்லவும் வேண்டாம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவில்லை. 2015-ல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தது நல்ல காரியம். ஆனால் அந்த அறைவரை வந்து சேர, பிள்ளை முதல் வாரத்தில் குடிக்கப் பழகியிருக்க வேண்டுமே.

நான் கேட்பது இவ்வளவுதான். கர்ப்ப காலப் பரிசோதனையில் மார்பையும் பார்த்து, காம்பு தட்டையாகவோ உள்வாங்கியோ இருந்தால் அட்டையில் குறித்துவிடுங்கள். பிரசவ வார்டில் இருப்பவர்கள் தயாராக இருப்பார்கள். ஒவ்வொரு பிரசவ வார்டிலும், இரவு டியூட்டி உட்பட, இந்தக் கைப்பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கட்டும். பிள்ளை ஒருமுறை முழுதாகக் குடிப்பதைக் கூட இருந்து பார்க்காமல் எந்தத் தாயையும் டிஸ்சார்ஜ் செய்யாதீர்கள். வீட்டுக்குப் போன முதல் வாரத்தில் கிராம சுகாதார செவிலியர் வரும்போது, "பால் குடுக்குறியா?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போகாமல், கொடுக்கச் சொல்லி உட்கார்ந்து பார்க்கட்டும். அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் வேலைச்சுமை எனக்குத் தெரியும். அதனால் ஆட்களையும் கூட்டிக் கொடுங்கள்.

இந்தச் சிரமத்தைத் தாண்டி வந்த தாய்மார்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறோம். பயிற்சி கொடுத்து, வாரத்தில் ஒரு நாள் வார்டுக்கு வந்து உதவச் சொன்னாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
விருதுநகர் மாவட்டம்