மான்களைச் சுடலாமா என்று கேட்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கப் புறநகர்களில் வெள்ளைவால் மான்கள் பெருகியிருப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். அதில் சுடச் சொல்பவர்களும் கூடாது என்பவர்களும் மட்டும்தான் வருகிறார்கள். எங்கள் ஊர் நிர்வாகம் அனுப்பிய படிவமும் அப்படித்தான்: சுடலாமா, ஆம் அல்லது இல்லை. அப்படிப்பட்ட குடியிருப்பில் வசிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் தெரு இப்படி இரண்டாகப் பிரிந்து நிற்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் குளிர்காலம் முழுக்க மான்களுக்குச் சோளம் கொட்டுகிறார். எதிர் வீட்டுக்காரருக்கு அக்டோபர், நவம்பர் வந்தாலே இருட்டிய பிறகு காரை எடுக்கப் பயம். இணை தேடும் ஆண் மான்கள் எதையும் பார்க்காமல் ரோட்டில் பாயும். அடுத்த வீட்டில் குழந்தைகள் விளையாடிவிட்டு வந்ததும் முழங்கால் மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் உண்ணி தேடுகிறார்கள். எனக்கோ தோட்டம். ஹோஸ்டா செடியில் இலையெல்லாம் போய்க் காம்பு மட்டும் நிற்கும். தின்றது முயலா மானா என்று நுனியைப் பார்த்தாலே தெரியும். முயல் கத்தியால் சீவியதுபோல் சாய்வாக வெட்டும். மானுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை; பற்றி இழுத்துப் பிய்ப்பதால் நுனி பிசிறு பிசிறாக இருக்கும்.

கூட்டம் போட்டால் எல்லோரும் "மான் ஜாஸ்தியாகிவிட்டது" என்றுதான் சொல்கிறோம். ஆனால் ஆளுக்கொரு பிரச்சினை, அதற்கான தீர்வும் வேறு வேறு. என் தோட்டத்துக்கு எட்டடி வேலி போதும், அதற்காக ஒரு மானும் சாக வேண்டியதில்லை. உண்ணி விவகாரம் சிக்கலானது. உண்ணி கடித்தால் தொற்றும் லைம் நோயின் கிருமி, உண்ணிக்குப் பெரும்பாலும் எலி போன்ற சிறு பிராணிகளிடமிருந்து வருகிறது. வளர்ந்த உண்ணி மானின் ரத்தத்தைக் குடித்துப் பெருகுகிறது, ஆனால் மான் அதற்குக் கிருமியைத் தருவதில்லை. நாலு மானைக் குறைத்தால் நோய் போய்விடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கார் விபத்துக்குத்தான் எண்ணிக்கையே குறைய வேண்டும்.

எண்ணிக்கையைக் குறைக்கும் பேச்சு வந்ததும் கருத்தடை ஊசி என்பார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஃபயர் ஐலண்டில் 1993-லேயே அதைப் போட்டுப் பார்த்தார்கள். நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் ஐலண்டில் 2016 முதல் ஆண் மான்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை. இரண்டும் தீவுகள். எங்கள் ஊருக்கோ ஓடைக்கரை வழியாக வெளி மான்கள் வந்துகொண்டே இருக்கும். ஊசி போட்ட மானும் பல வருஷம் உயிரோடு ரோட்டைக் கடக்கத்தான் போகிறது. பிடித்துக் காட்டில் விடலாம் என்றால், பிடிபட்ட அதிர்ச்சியிலேயே பல செத்துப்போகும். நோய் பரவும் என்று பல மாநிலங்கள் அதை அனுமதிப்பதும் இல்லை.

ஆகவே கடைசியில் சுட வேண்டி வந்தால் நான் எதிர்க்க மாட்டேன். பயிற்சி பெற்றவர்கள் செய்யட்டும், இறைச்சி உணவு வங்கிக்குப் போகட்டும். ஆனால் ஊர் நிர்வாகத்தாரே, முதலில் மான்களுக்குத் தீனி போடுவதைத் தடை செய்யுங்கள். பெரியவர் என்னோடு பேசாமல் போகலாம், பரவாயில்லை. அப்புறம் அந்தப் படிவத்தை மாற்றி அனுப்புங்கள். மானால் உங்களுக்கு என்ன நஷ்டம், எந்த இடத்தில், எந்த மாதத்தில் என்று கேட்டு, விபத்து நடந்த இடங்களை வரைபடத்தில் குறித்துக் கூட்டத்தில் வையுங்கள். ஆம், இல்லை என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
புறநகர் வாசகி