பி.எஸ்.ஏ. பரிசோதனை ஆண்டுதோறும் வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஆண்கள் நலக் கட்டுரையில், ஐம்பதைத் தாண்டிய எல்லோரும் ஆண்டுதோறும் புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனை, அதாவது அந்தச் சுரப்பி சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ள வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஆண்கள் கூச்சப்பட்டுப் பேசாத விஷயத்தை எழுதியதற்கு நன்றி. ஆனால் 'எல்லோரும்', 'ஆண்டுதோறும்' இரண்டுமே இடிக்கின்றன.

ஐரோப்பாவில் 1993-இல் தொடங்கிய பெரிய ஆய்வில் பெரும்பாலான நாடுகள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் பி.எஸ்.ஏ. பார்த்தன. சுவீடனில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 23 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடம் இந்தப் புற்றுநோயால் நேரும் மரணம் 13 சதவீதம் குறைந்திருந்தது. பலன் உண்மைதான். ஆனால் ஒரு மரணத்தைத் தவிர்க்க 456 பேரை அழைக்க வேண்டியிருந்தது. இதில் பலருக்குக் கண்டுபிடிக்கப்படுவது, மெதுவாக வளர்ந்து கடைசிவரை தொல்லையே தராத கட்டி. அதற்கும் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு என்று போனால் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் மிச்சமாகலாம்.

அடிக்கடி பார்க்கப் பார்க்க வீண் பயமும் கூடும். சிறுநீர்த் தொற்று, வயதால் வரும் சாதாரண புரோஸ்டேட் வீக்கம், ஏன், முந்தின நாள் தாம்பத்திய உறவுகூட பி.எஸ்.ஏ. அளவை ஏற்றிவிடும். ஒருமுறை கூடியதுமே பயாப்சிக்கு (ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது) ஓடாமல், மறுபடி ரத்தம் பார்த்து, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு முடிவு செய்யலாம்.

அப்படியானால் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை? முதல் அளவே பாதி பதிலைச் சொல்லிவிடும். அறுபது வயதில் பி.எஸ்.ஏ. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 2 நானோகிராமுக்குக் கீழே இருந்து, வேறு ஆபத்துக் காரணமும் இல்லையென்றால், அடுத்த பரிசோதனையை எட்டு ஆண்டுவரைகூடத் தள்ளலாம் என்பது ஐரோப்பிய சிறுநீரியல் சங்கத்தின் கருத்து. அமெரிக்க சிறுநீரியல் சங்கம் 50 முதல் 69 வயதுவரை இரண்டிலிருந்து நான்கு ஆண்டு இடைவெளி என்கிறது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் வந்திருந்தால் கதை வேறு. புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. 2 மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கும் அப்படியே. இவர்கள் நாற்பதிலேயே தொடங்கிவிடுவது நல்லது, இடைவெளியும் குறைய வேண்டும்.

எண்பது வயது அப்பாவை முழு உடல் பரிசோதனைக்கு அழைத்துப்போய், பட்டியலில் இருக்கிறதே என்று இதையும் எடுக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பாசம் புரிகிறது, பயன்தான் புரியவில்லை. எழுபதுக்கு மேல் வழக்கமாக இது வேண்டாம் என்றே அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2018-இல் சொன்னது. இதெல்லாம் அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு. சிறுநீரில் ரத்தம் போனாலோ, விடாத எலும்பு வலி இருந்தாலோ வயதையும் இடைவெளியையும் பார்க்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

அப்புறம், கட்டுரையில் விட்டுப்போன ஒன்று. புரோஸ்டேட் வீக்கத்துக்காகவோ முடி உதிர்வுக்காகவோ ஃபினாஸ்டரைட் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, சில மாதங்களில் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகிவிடும். 2 என்று காட்டினால் அதை 4 என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் ரத்தம் கொடுக்கும்போதே மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்